ஓவனும் வேண்டாம், சீனியும் வேண்டாம்: உருண்டை உதிராமல் பிடிப்பது எப்படி?

செந்தூல்வாசி:
தீபாவளிக்கு வீட்டில் கூடும் பெரியவர்களில் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களே அதிகம். ஓவன் கிடையாது, அடுப்பும் மிக்சியும்தான். நிலக்கடலையும் எள்ளும் அரைத்து உருட்டினால் உதிர்கிறது. பேரீச்சம்பழத்தைக் கூட்டினால் பிடிக்கிறது, ஆனால் அப்புறம் அது சீனி குறைந்த பலகாரமா என்ன? குலா மலாக்கா (தென்னங்கருப்பட்டி) போடலாமா? அளவோடு சொல்லுங்கள்.

ஜார்ஜ்டவுன் அடுப்பங்கரை:
குலா மலாக்கா, கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை எல்லாமே பெரும்பாலும் சுக்ரோஸ்தான். மணம் வேறு, ரத்தத்தில் ஏறுவது ஒன்றே. பேரீச்சையிலும் எடையில் முக்கால் பங்கு மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்), பெரும்பாலும் சர்க்கரைதான். அதை இனிப்புக்காகப் போடாமல், பசைக்காக மட்டும் அளந்து போடுங்கள்.

வழக்கமான உருண்டையைப் பிடித்து நிறுத்துவது பாகு. பாகு இல்லையென்றால் கடலையிலிருந்தே கசியும் எண்ணெய்தான் அந்த வேலையைச் செய்யவேண்டும். எல்லாவற்றையும் கொரகொரப்பாக அரைத்தால் எண்ணெய் வெளியே வராது, அதனால்தான் உதிர்கிறது.

நிலக்கடலை 150 கிராம், எள் 50, பொட்டுக்கடலை 30, கொட்டை நீக்கிய பேரீச்சை 60, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. கடலையையும் எள்ளையும் தனித்தனியாக, சிறு தீயில் வறுங்கள். எள் படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிடவேண்டும், தாண்டினால் கசக்கும். நன்றாக ஆறவிடுங்கள், சூட்டோடு அரைத்தால் ஆவி ஜாருக்குள் நீராகி மாவு ஈரமாகிவிடும். கடலையில் மூன்றில் ஒரு பங்கை எண்ணெய் கசிந்து விழுதாகும்வரை ஓட்டுங்கள். மிச்சக் கடலை, எள், பொட்டுக்கடலையை நிறுத்தி நிறுத்தி அரைத்தால் போதும். பேரீச்சையை ஊறவைக்காதீர்கள். இட்லிச் சட்டியில் 3 நிமிடம் ஆவி காட்டி மசியுங்கள். ஊறவைத்த தண்ணீர்தான் நம் ஊர் வெக்கையில் முதலில் புளிக்கும்.

20 உருண்டை வரும். ஒன்றுக்கு ஏறக்குறைய 5 கிராம் மாவுச்சத்து, 70 கலோரி. ஆளுக்கு இரண்டு. பூசணம் பிடித்த, நிறம் மாறிய, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள், வறுத்தாலும் பூசணத்தின் நஞ்சு முழுதாகப் போகாது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் பண்டான்:
உருண்டையோடு அகார்-அகாரும் (கடற்பாசி ஜெல்லி) வையுங்கள். குளிர்ப்பெட்டி இல்லாமலே உறையும், மேசையில் இருந்தாலும் உருகாது. ஜெலட்டின் இந்த வெயிலுக்குத் தாங்காது.

தண்ணீர் 250 மில்லி, அகார் தூள் 7 கிராம், முடிச்சிட்ட பண்டான் இலை. தூளைக் குளிர்ந்த தண்ணீரில் கலக்கிய பிறகே அடுப்பில் வையுங்கள்; கொதித்த பின்னும் 3 நிமிடம் விடவேண்டும். கரையாத தூள் அடியில் மணலாகத் தங்கும். பிறகு சீனி சேர்க்காத சோயாப் பால் 500 மில்லி. பாலை வெதுவெதுப்பாக்கி ஊற்றுங்கள், இல்லையேல் அகார் இழை இழையாக அங்கேயே உறைந்துவிடும். இனிப்புக்கு எரித்ரிடால் (சீனிக்குப் பதிலான இனிப்புத் தூள்) 2 மேசைக்கரண்டி. அதை உருண்டையில் போட்டால் நறநறக்கும், இதில் கரைந்துவிடும்.

உணவுக்கணக்கு:
டப்பாவில் 'தன்பா குலா' (சீனி இல்லாதது) என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். பின்பக்கம் கார்போஹைட்ரேட் வரியைப் பாருங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவிலிருந்து எடுக்கும் பொடி) இருந்தால் குளுக்கோஸ் வேகத்தில் ஏறும். சீனிக்குப் பதில் போடும் மால்டிடாலும் ஓரளவு ஏற்றும், அதிகம் தின்றால் வயிற்றைக் கலக்கும்.

இன்சுலினோ கிளிக்லசைடு என்ற இனிப்புநீர் மாத்திரையோ எடுப்பவருக்கு ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் இந்த உருண்டையைக் கொடுக்காதீர்கள். கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். அப்போது சீனித் தண்ணீர்தான், ஒரு மேசைக்கரண்டி கரைத்து. 15 நிமிடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். சிறுநீரகக் கோளாறும் உள்ளவருக்குக் கடலை, பேரீச்சை இரண்டையும் மருத்துவரிடம் கேட்காமல் தரவேண்டாம், பொட்டாசியம் உண்டு.

செந்தூல்வாசி:
நன்றி. கடலை ஒத்துக்கொள்ளாதவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு மட்டும் ஓட்ஸ் போட்டுச் செய்யலாமா?

ஜார்ஜ்டவுன் அடுப்பங்கரை:
கணக்கு மாறிவிடும். 100 கிராம் ஓட்ஸில் மாவுச்சத்து 60 கிராமுக்கு மேல், கடலையில் 16 தான். பூசணி விதை, சூரியகாந்தி விதை வாங்கி அதே அளவில் போடுங்கள். எண்ணெய் குறைவாக விட்டால் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் சேர்க்கலாம். ஜாரை மட்டும் நன்றாகக் கழுவுங்கள், அலர்ஜி என்றால் ஒட்டியிருக்கும் கடலைத் தூளே போதும். அவருக்கு எள் ஒத்துக்கொள்ளுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.