நிதி நின்றுபோன செய்தித்தளத்தை எப்படித் தாக்குப்பிடிக்க வைப்பது?

கேட்டவர்: ஆறாவது ஆள்

ஆறு பேர் சேர்ந்து ஒரு சிறிய செய்தித்தளம் நடத்துகிறோம். செலவில் முக்கால்வாசி ஒரே வெளிநாட்டு அறக்கட்டளையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது நின்றுவிட்டது. போன வாரம் ஒருவர் விளம்பரம் தர ஒப்புக்கொண்டார், மறுநாள் காலையிலேயே வேண்டாம் என்றார். காரணம் கேட்டதற்கு, "ஒரு ஃபோன் வந்தது" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கட்டுரைகளைச் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று பூட்டிவிடலாமா? ஆனால் ஊழலைப் பற்றி எழுதியதைக் காசுள்ளவர்கள் மட்டும் படித்து என்ன பயன் என்று மனசு கேட்கவில்லை.

பதில்: மறுபக்கம்

பூட்டாதீர்கள். ஹங்கேரியில் 2020 ஜூலையில் இன்டெக்ஸ் செய்தித்தளத்தின் தலைமை ஆசிரியரை நீக்கியதும் 70க்கும் மேற்பட்டோர் ராஜினாமா செய்தார்கள். அவர்களில் பலர் சேர்ந்து வாசகர்களிடம் பணம் திரட்டி, அந்த ஆண்டே டெலெக்ஸ் தளத்தைத் தொடங்கினார்கள். அதை யாரும் இலவசமாகப் படிக்கலாம். கட்டுரை அடைபட்டுவிடும் என்று யாரும் காசு கொடுக்கவில்லை. இந்த ஆட்கள் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் கொடுத்தார்கள்.

பதில்: சந்தாக் கணக்கு

நாடுகடந்து இயங்கும் ஒரு தளத்தில் ஒன்பது வருடமாக வாசகர் பணத்தைக் கவனிக்கிறேன். எந்தப் பணம் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, கொடுப்பவரை மிரட்டுவது எவ்வளவு சுலபம் என்பதைத்தான். பெரிய விளம்பரதாரருக்கு ஒரு ஃபோன் போதும். நிதி தரும் நாட்டில் ஆட்சி மாறினால் மானியம் போய்விடும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது பல நாடுகளில் சின்னச் சின்ன ஆசிரியர் குழுக்கள் ஒரே வாரத்தில் தடுமாறின. சிறுதொகை தரும் ஆயிரக்கணக்கான பேரை ஒவ்வொருவராக யாராலும் கூப்பிட்டு மிரட்ட முடியாது.

ஆனால் அந்தப் பணம் வரும் வழியை அடைக்க முடியும். லாட்வியாவின் ரிகா நகரிலிருந்து இயங்கும் ரஷ்ய மொழிச் செய்தித்தளமான மெடுசாவுக்கு 2021 ஏப்ரலில் ரஷ்யா 'வெளிநாட்டு முகவர்' என்று முத்திரை குத்தியது. விளம்பரதாரர்கள் விலகினார்கள், வாசகர்கள் கைகொடுத்தார்கள். 2022இல் போர் தொடங்கியதும் ரஷ்ய வங்கி அட்டைகள் வெளிநாட்டில் செல்லாமல் போயின. சுமார் 30,000 பேரின் பணம் நின்றது. உலகத்தின் மற்ற பகுதிகளில் உள்ளவர்களிடம், அந்த 30,000 பேர் இடத்தில் நீங்கள் வாருங்கள் என்று மெடுசா கேட்டது. 2023 ஜனவரியில் ரஷ்யா அதை 'விரும்பத்தகாத அமைப்பு' என்றும் அறிவித்தது. அதற்குப் பிறகு ரஷ்யாவில் இருந்துகொண்டு பணம் அனுப்புவதே குற்றம். அதனால் இரண்டாவது வழியை இப்போதே திறந்து வையுங்கள்.

இன்னொன்று. எங்களிடமிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் கோபித்துக்கொண்டு போவதில்லை, அட்டை காலாவதியாகிப் போகிறார்கள். அவர்களுக்கு நானே கடிதம் எழுதுகிறேன். ஒருமுறை ஒரு அம்மா பதில் போட்டார்: "போன மாதமே நின்றுவிட்டதா? ஏன் சொல்லவில்லை?" இரண்டு மாதத்துக்கும் சேர்த்து அனுப்பியிருந்தார். அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

வழக்குச் செலவுக்குத் தனிக் கணக்கு வேண்டும். பிலிப்பைன்ஸில் ராப்ளர் செய்தித்தளத்தின் மீது 2018இல் போட்ட வரி வழக்குகளில், அதை நடத்தும் மரியா ரெஸ்ஸா முழுமையாக விடுதலையாக 2023 செப்டம்பர் ஆனது. அத்தனை வருடமும் வக்கீலுக்குக் கொடுத்தாக வேண்டும், நிருபருக்கும் சம்பளம் போட வேண்டும்.

பதில்: கிழக்குக் கரை

எல்லாம் சரி, ஆனால் மக்கள் கையில் காசே இல்லாத நாட்டில் வாசகர் பணம் மட்டும் போதாது. கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் நகரத்துக்காரர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுக்குப் பிடித்த செய்தியே மேலே வரும், கிராமத்துச் செய்தி கீழே போகும். அறக்கட்டளைகளை அடியோடு விட்டுவிடாதீர்கள். மூன்று நான்கு இடங்களில் கேளுங்கள், எதுவும் மொத்தத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: சந்தாக் கணக்கு

ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் ஒரு அவசர விஷயம்: பணம் தந்தவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே இருக்கிறது? சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

பதில்: ஆறாவது ஆள்

அலுவலகக் கணினியில், கடவுச்சொல்கூட இல்லாத ஒரு கோப்பில் இருக்கிறது. 212 பேர், முகவரியோடு. இப்போதே கிளம்புகிறேன், மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.