மறு: செஷன் லாக் – ‘அமர்வு முடக்கம்’ பொருந்துமா?

வணக்கம்.

வலைநிரல் மொழியான பிஎச்பியில் எழுதிய செயலிகளில், ஒரு பயனரின் தரவைக் கோரிக்கைக்குக் கோரிக்கை நினைவில் வைப்பது அமர்வு (செஷன்). அங்கே செஷன் லாக் எனப்படுவதற்குத் தமிழில் ‘அமர்வு முடக்கம்’ என்று முன்மொழியப்பட்ட சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். வங்கிக் கணக்கு முடக்கம் என்று நாள்தோறும் படிப்பவர்கள், இங்கும் அமர்வு செயலற்றுப் போனதாகவே கொள்வார்கள். நடப்பது அதுவன்று. இயல்பிருப்பான கோப்புச் சேமிப்பில், அமர்வைத் தொடங்கும் செஷன்_ஸ்டார்ட் அழைக்கப்பட்டதும், முதலில் வந்த கோரிக்கை அந்த அமர்வுக் கோப்பைத் தனக்கென்று பூட்டிக்கொள்கிறது. நிரல் முடியும்வரை, அல்லது அமர்வை எழுதி மூடும் செஷன்_ரைட்_குளோஸ் அழைக்கப்படும்வரை, அதே அமர்வைத் தொடங்க முயலும் மற்ற கோரிக்கைகள் வாசலிலேயே நிற்கின்றன.

அண்மையில் ஓர் அறிக்கைப் பக்கத்தில் இதைக் கண்டேன். எக்செல் ஏற்றுமதி 20 நொடி ஓடிக்கொண்டிருக்க, பக்கம் பின்னணியில் அனுப்பிய, கண்ணிமைக்கும் நேரத்தில் முடிய வேண்டிய மூன்று அஜாக்ஸ் கோரிக்கைகளும் அது முடியும்வரை காத்திருந்தன. மையச்செயலி சும்மா இருந்தது. தரவுத்தளத்திலும் மெதுவான வினவல் எதுவும் இல்லை. அமர்வு வேறாக இருக்கும் மறைநிலைச் சாளரத்தில் அதே பக்கம் உடனே வந்தது. இயங்குதள அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவி கொண்டு பார்த்தபோதுதான் செயல்முறைகள் கோப்பைப் பூட்டும் ஃப்ளாக் அழைப்பில் நிற்பது தெரிந்தது. வழுச்சீட்டில் ‘அமர்வு முடங்குகிறது’ என்று எழுதியிருந்ததால், இளைய நிரலர் ஒருவர் அமர்வின் ஆயுட்காலத்தைக் கூட்டிக்கூட்டிப் பார்த்து அதற்குள் அரை நாளைக் கழித்திருந்தார்.

இன்னொருவர் தந்த ‘அமர்வுத் தாழ்’ எனக்கு மிகவும் பிடித்த சொல்; உள்ளே போனவர் தாழிட்டுக்கொள்ள அடுத்தவர் வெளியே நிற்கும் காட்சி அப்படியே பொருந்துகிறது. ஆனால் தரவுத்தளத் துறையில் லாக் வேறு, நினைவகக் கட்டமைப்புகளைக் கணநேரம் காக்கும் லேட்ச் வேறு. தாழ் என்பதை லேட்சுக்கென விட்டுவைக்கலாம்.

ஆகவே ‘அமர்வுப் பூட்டு’, அதனால் நேரும் தாமதத்துக்குப் ‘பூட்டுக் காத்திருப்பு’, பூட்டைக் கைவிடுவதற்குப் ‘பூட்டு விடுவிப்பு’ என்பவற்றை முன்வைக்கிறேன். ‘பூட்டுத் திறப்பு’ வேண்டாம். அமர்வைத் திறத்தல் என்ற வழக்கோடு குழம்பும். பிஎச்பி 7.0 முதல் உள்ள ரீட்_அண்ட்_குளோஸ் தெரிவை, தரவைப் படித்தவுடன் பூட்டை விடுவதால், ‘படித்து மூடல்’ எனலாம்.

வரையறையில் மட்டும் ‘கோப்பு’ என்ற சொல் வர வேண்டாம். அமர்வைக் கோப்பில் அல்லாமல் நினைவகச் சேமிப்பில் வைக்கும் மெம்கேஷ்டு நீட்சியிலும் பூட்டு உண்டு. அதுபோன்ற ரெடிஸ் நீட்சியிலோ நாமாக இயக்கினாலொழிய அது இல்லை.