கார்பன் உரிமத்துக்கு எக்ஸ்சேஞ்ச் எதற்கு? பதிவேடு போதாதா?

கேள்வி (புகைக்கணக்கு):
ஐரோப்பியக் கார்பன் சந்தையில் ஒரு டன் கரியமில வாயுவை வெளியிட ஓர் உரிமம். யாரிடம் எத்தனை இருக்கிறது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிவேட்டில் இருக்கிறது. இருவர் பேசி முடித்துப் பதிவேட்டில் மாற்றிக்கொண்டால் போதுமே? நடுவில் லைப்சிக்கின் இ.இ.எக்ஸ்., ஆம்ஸ்டர்டாமின் ஐ.சி.இ. எண்டெக்ஸ் போன்ற எக்ஸ்சேஞ்சுகள் எல்லாம் என்ன செய்கின்றன? நம் என்.எஸ்.இ.யிலும் இது வருமா?

பதில் 1 (ஏலக்கடை):
முதல் விற்பனையே எக்ஸ்சேஞ்சில்தான். அரசுகளின் உரிமங்கள் இ.இ.எக்ஸ். மேடையில் ஏலத்துக்கு வரும். ஒரு லாட் 500 உரிமம். மூடிய ஏலம், ஒரே சுற்று. அடுத்தவர் என்ன கேட்டார் என்று தெரியாது. கேட்புகளை விலை இறங்குவரிசையில் அடுக்கி, விற்பனை அளவு எட்டும் இடத்தில் கோடு போடுவார்கள். அந்த விலையே எல்லோருக்கும். 75 கேட்டவரும் 70.10 கேட்டவரும், கோடு 70.10-இல் விழுந்தால், 70.10தான் கொடுப்பார்கள். கேட்பு அளவு போதாவிட்டாலோ, விலை வெளிச்சந்தையைவிட மிகவும் கீழே போனாலோ ஏலம் ரத்து.

பதில் 2 (மார்ஜின்):
ஆனால் பெரும்பாலான வணிகம் ஃபியூச்சர்ஸில் (இன்றே விலை பேசி, பின்னொரு தேதியில் கைமாறும் ஒப்பந்தம்), அதிலும் டிசம்பர் கான்ட்ராக்டில்தான். ஒரு லாட் 1,000 உரிமம். இரண்டு வருடம் கழித்துத் தரவேண்டிய மின்சாரத்தை இன்றே விற்கும் அனல்மின் நிலையம், அதற்கான உரிமத்தையும் இன்றே விலை பூட்டி வைக்கும். 40 லாட், விலை 70 யூரோ என்றால் 28 லட்சம் யூரோ. அவ்வளவையும் இப்போது கட்ட வேண்டாம், மார்ஜின் என்ற பிணைத்தொகை போதும். எதிர்த்தரப்பு திவாலானாலும், இருவருக்கும் நடுவில் நிற்கும் கிளியரிங் ஹவுஸ் பொறுப்பு. பதிவேட்டால் இதைச் செய்ய முடியாது; அது வெறும் கணக்குப் புத்தகம்.

சிக்கும் இடம்: விலை 67-க்கு இறங்கினால் 1,20,000 யூரோ ரொக்கமாகக் கட்ட வேண்டும், அதுவும் அநேகமாக மறுநாளே. மின்சார விலையும் இறங்கியிருந்தால் அந்தப் பக்கம் லாபம்தான். ஆனால் அது எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே போட்ட நேரடி ஒப்பந்தம் என்றால், மின்சாரம் தரும்வரை பணம் வராது. கணக்கில் நஷ்டமே இல்லை, கையில் காசில்லை.

புகைக்கணக்கு:
அப்படியானால் உரிமம் எப்போது கையில் வரும்?

பதில் 3 (பதிவேட்டுக்காரன்):
டிசம்பர் நடுவில் கான்ட்ராக்ட் முடிந்ததும், கிளியரிங் ஹவுஸ் உங்கள் பதிவேட்டுக் கணக்கில் இறக்கும். கணக்கு முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும்; அடையாளச் சரிபார்ப்பே வாரக்கணக்கில் இழுக்கும். அந்தந்த வருட உமிழ்வுக்கான உரிமங்களை அடுத்த வருடம் செப்டம்பர் 30-க்குள் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் (2024 முதல், முன்பு ஏப்ரல் 30). தவறினால் டன்னுக்கு 100 யூரோ அபராதம், விலைவாசி உயர்வும் சேர்த்து. கட்டிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று பலர் நினைப்பார்கள். கிடையாது, பற்றாக்குறை உரிமத்தையும் தந்தே ஆக வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் என்றாலே பாதுகாப்பு என்றும் நம்பிவிடாதீர்கள். பாரிஸின் புளூநெக்ஸ்ட், உரிமங்களுக்கான உடனடி விற்பனைச் சந்தையாக இருந்தது. வெளிநாட்டில் வாட் இல்லாமல் வாங்கி, பிரான்சில் வாட் சேர்த்து விற்று, வசூலித்த வரியைக் கட்டாமல் மறைந்த கும்பல்களுக்கு அதன் வேகம் வசதியாகப் போனது. இந்த மோசடியால் ஐரோப்பா இழந்த வரி சுமார் 500 கோடி யூரோ என்று 2009-இல் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் கணக்கிட்டது. 2011 ஜனவரியில் செக் பதிவேடு உள்ளிட்ட இடங்களில் ஹேக்கர்கள் உரிமங்களைத் திருட, ஐரோப்பிய ஆணையம் பதிவேட்டு மாற்றங்களை நிறுத்தி வைத்தது. உடனடி விற்பனை முடங்கியது. புளூநெக்ஸ்ட் 2012 டிசம்பரில் மூடப்பட்டது. இன்று பதிவேட்டில், நீங்கள் முன்கூட்டியே சேர்த்து வைத்த கணக்குகளின் நம்பகப் பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாத கணக்குக்கு அனுப்ப முயன்றால் தாமதம். கடைசி வாரத்தில் வாங்குபவர்கள் மாட்டுவது இங்கேதான்.

பதில் 4 (மின்சந்தை):
என்.எஸ்.இ. கேள்விக்கு: 2023-இல் அறிவித்த இந்தியத் திட்டத்தில் கார்பன் கிரெடிட் சான்றிதழ் மின்சார எக்ஸ்சேஞ்சுகளில், மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் மேற்பார்வையில் கைமாறும். பதிவேடு, தேசிய மின்தொகுப்பை இயக்கும் கிரிட் கன்ட்ரோலர் ஆஃப் இந்தியாவிடம். ஆலைகளுக்கு எரிசக்திச் சேமிப்பு இலக்கு வைக்கும் பாட் (PAT) திட்டத்தின் எரிசக்திச் சேமிப்புச் சான்றிதழ்கள் ஏற்கெனவே 2017-இல் மின்சார எக்ஸ்சேஞ்சில் விற்கத் தொடங்கிவிட்டன, அதே தடம்தான். ஐரோப்பாவில் மொத்த உமிழ்வுக்கான உச்சவரம்பு முன்கூட்டியே தெரியும், உரிமமும் முன்கூட்டியே வரும். இங்கே ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு உமிழ்வு என்பது இலக்கு. அதைவிடக் குறைத்தவருக்கு வருட முடிவில் சரிபார்த்த பிறகே சான்றிதழ். அதனால் ஏலம் கிடையாது, விற்கச் சரக்கு வருவதே தாமதம். சிமெண்ட் ஆலை ஒன்று நடு வருடத்தில் விலை பூட்ட நினைத்தால், எதை வைத்துப் பூட்டும்?