பள்ளி நூலகத்திலிருந்து ஒரு காதல் கதையை அகற்றலாமா?

கயல்:
அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், ஓலேத்தா ஊரின் பள்ளி நூலகங்களிலிருந்து 1993-இல் ஒரு நாவலை அகற்றினார்கள். நான்சி கார்டன் 1982-இல் எழுதிய 'ஆனி ஆன் மை மைண்ட்'. நியூயார்க்கில் லைசா, ஆனி என்ற இரண்டு 17 வயதுப் பெண்கள் ஒருவரையொருவர் காதலிக்கும் கதை. மாணவர்களும் பெற்றோரும் வழக்குப் போட்டு 1995-இல் ஜெயித்தார்கள். அந்தத் தீர்ப்பு சரி என்கிறேன். இங்கே யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?

செந்தில்நாதன்:
எனக்கு உண்டு. நாவலைத் தடை செய்யச் சொல்லவில்லை, கடையில் வாங்கிக்கொள்ளட்டும். பள்ளி, நாம் பிள்ளையை நம்பி ஒப்படைக்கிற இடம். அங்கே எதைப் படிப்பது என்பதில் பெற்றோருக்குப் பேச்சே கிடையாதா? 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே மேரிலாந்துப் பெற்றோர் பக்கம் நின்றதே!

கயல்:
அது வேறு வழக்குங்க. வகுப்பில் வாசித்துக் காட்டும் படக்கதைகளைப் பற்றியது. மத நம்பிக்கை காரணமாகத் தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்குக் கேட்டார்கள். ஓலேத்தாவில் அடுத்த வீட்டுப் பிள்ளையும் படிக்க முடியாமல் செய்தார்கள். ஒரு கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக நூலகத்தில் இருக்கும் புத்தகத்தை அகற்றக் கூடாது என்பதுதான் தீர்ப்பு.

நிலா:
அந்தப் புத்தகம் ஏன் முக்கியம் என்பதையும் பாருங்கள். 1969-இல் ஜான் டொனோவன் எழுதிய இளையோர் நாவலில் இரண்டு பையன்கள் நெருங்குகிறார்கள். அப்புறம் ஒருவனுடைய நாய் காரில் அடிபட்டுச் சாகிறது. தான் செய்ததற்குத் தண்டனை என்றே அவன் நினைக்கிறான். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கிடைத்த கதை அது. லைசாவும் கஷ்டப்படுகிறாள், பள்ளியில் விசாரணைகூட நடக்கிறது. ஆனால் கடைசியில் ஆனியைத் தொலைபேசியில் அழைக்கிறாள், காதல் பிழைக்கிறது. 15 வயதில் தனியாகத் தவிக்கும் பிள்ளைக்கு அந்த முடிவு எவ்வளவு பெரிய ஆறுதல்!

செந்தில்நாதன்:
நாய் செத்த கதை மனதைத் தைக்கிறது, மறுக்கவில்லை. சரி, புத்தகம் அலமாரியில் இருக்கட்டும். என் பிள்ளை அதை எடுத்தால் பள்ளி எனக்குச் சொல்ல வேண்டும். இதிலென்ன தவறு?

கயல்:
உங்கள் வீட்டில் ஒன்றும் ஆகாமல் போகலாம். அப்பாவுக்குத் தெரிந்தால் அடி விழும், படிப்பு நிற்கும் என்று பயந்து வாழும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளி அனுப்பும் அந்த ஒரு வரித் தகவலே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன்.