கட்டளைக்கொடை, கட்டற்ற கொடை: 'நிதியுதவி' என்ற ஒரே சொல் போதாது

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஓப்பன்பிஎஸ்டி என்ற கட்டற்ற இயங்குதளம் பற்றிய அறிமுகப் பக்கத்தின் தமிழ் வரைவை நேற்றிரவு முழுதாகப் படித்தேன். நோக்கங்கள் பகுதி நன்றாக வந்திருக்கிறது. நிரலைத் தணிக்கை செய்வது, நிறுவிய மாத்திரத்தில் பாதுகாப்பாக இருப்பது, மறையாக்கத்தை உள்ளேயே வைத்துக் கொடுப்பது, யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமம் எல்லாமே தெளிவு. 'செக்யூர் பை டிஃபால்ட்' என்பதற்கு 'இயல்பிலேயே பாதுகாப்பு' என்று போட்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதைத் தொட வேண்டாம்.

என் மறுப்பெல்லாம் நிதிப் பகுதியில்தான். அதைப் பற்றிக் குழுவில் நீங்கள் எழுதியவற்றை மேற்கோளிட்டுப் பதில் சொல்கிறேன்.

> ஃபண்டிங், டொனேஷன், கிராண்ட், ஸ்பான்சர்ஷிப் எல்லாவற்றுக்கும் 'நிதியுதவி' போதும். வாசகர் குழம்ப மாட்டார்.

ஐயா, குழம்ப மாட்டார்தான். ஆனால் நடந்தது என்னவென்றே அவருக்குத் தெரியாமல் போகும். 2003-இல் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா, பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வழியாக ஏற்கெனவே சுமார் 23 லட்சம் டாலர் ஒதுக்கியிருந்தது. அதில் ஒரு பங்கு ஓப்பன்பிஎஸ்டிக்கு வந்துகொண்டிருந்தது. அது கணினிப் பாதுகாப்பு ஆய்வுக்கென்றே ஒதுக்கிய பணம்; கணக்கு உண்டு, கெடு உண்டு. ஈராக் போர் தொடங்கிய நேரம். திட்டத்தின் தலைவர் தியோ டி ராட் ஒரு கனடிய நாளிதழிடம் போரை எதிர்த்துப் பேசினார். இந்தப் பணம் இங்கே வருவதால் பாதி ஏவுகணையாவது கட்டப்படாமல் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொள்வதாகச் சொன்னார். ஏப்ரலில் பணம் நின்றது. பேச்சுதான் காரணம் என்று தியோ கருதினார். டார்பா அப்படி ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் கனடாவின் கால்கரி நகரில் ஓப்பன்பிஎஸ்டி டெவலப்பர்கள் கூடுவதாக இருந்தது. அந்தச் செலவைப் பயனர்கள் அனுப்பிய பணம்தான் தாங்கியது.

வரைவில் இது எப்படி இருக்கிறது? 'நிதியுதவி நிறுத்தப்பட்டது, பிறகு நிதியுதவி கிடைத்தது.' நின்ற பணமும் வந்த பணமும் ஒரே சாதி என்று ஆகிவிட்டது. ஒன்று இன்ன வேலைக்கு என்று கட்டப்பட்ட பணம். மற்றது, 'நீங்கள் செய்வதையே செய்யுங்கள்' என்று வந்த பணம். இந்தத் திட்டத்தின் கதையே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. 'இயர்மார்க்ட்', 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று கணக்கர்கள் சொல்வதும் இதையேதான்.

> முதல் வகைக்கு 'நிவந்தம்' என்ற கல்வெட்டுச் சொல்லை மீட்டெடுக்கலாமே?

தம்பி, அழகான சொல். கோயிலில் ஒரு குறிப்பிட்ட பணிக்கென்று விட்ட வருமானத்தைத்தான் சோழர் கல்வெட்டுகள் அப்படிச் சொல்கின்றன, பொருத்தமும் உண்டு. நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு விடுவார்கள். அந்த ஆடு 'சாவா மூவாப் பேராடு', குட்டி போட்டுக் கணக்கு நிரம்பிக்கொண்டே இருக்கும், நெய் நிற்காது. முதல் (அசல்) கரையாத நிதிக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை. ஆனாலும் நிவந்தம் என்றால் இன்று எத்தனை பேருக்குப் புரியும்? அகராதியைத் திறக்கவைக்கும் சொல்லைக் கொண்டு இன்னொரு கடினச் சொல்லை விளக்க முடியாது.

அதே வேலையைச் செய்யும் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது: கட்டளை. திருவாரூர் கோயிலில் அபிஷேகக் கட்டளை, அன்னதானக் கட்டளை, ராஜன் கட்டளை என்று தனித்தனியாக உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சொத்து. அபிஷேகத்துக்கு எழுதிவைத்த நிலத்தின் நெல்லை மதில் பூசச் செலவழிக்க முடியாது. கொடுத்தவர் சொல்லே சட்டம். ஆகவே என் முன்மொழிவு: இன்ன வேலைக்கு மட்டும் என்று வரும் பணம் 'கட்டளைக்கொடை'. நிபந்தனை இல்லாமல் வருவது 'கட்டற்ற கொடை'. 'கட்டற்ற மென்பொருள்' என்று பல ஆண்டுகளாக எழுதிவருகிறோம். கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டற்ற கொடை என்னும்போது இரண்டும் ஒரே வேரில் வந்து நிற்கின்றன.

> 'கட்டளை' ஏற்கெனவே கமாண்ட். கட்டளை வரி, கட்டளைத் தொகுப்பு என்று எல்லா இடைமுகத்திலும் இருக்கிறது. மோதாதா?

இந்தக் கேள்வியில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். இந்தக் குழுவில் வந்த மறுப்புகளிலேயே வலுவானது இது. மாற்றாக 'பணிக்கொடை' என்று எழுதிப் பார்த்தேன். அது கிராஜுவிட்டி, ஓய்வூதியக்காரர்கள் விட மாட்டார்கள். 'நோக்கக்கொடை' வாயில் நிற்கவில்லை. 'குறிக்கொடை' என்றால் என்ன குறி என்று கேட்பார்கள். பிறகு தோன்றியது: 'அறக்கட்டளை' என்று தினமும் எழுதுகிறோமே, யாராவது கமாண்ட் என்று படித்தார்களா? கொடை என்ற சொல் பின்னால் வந்ததும் பொருள் தெளிந்துவிடுகிறது. தவிர, கட்டளையின் இரண்டு பொருளும் இங்கே பொருந்துகின்றன. பணம் கொடுப்பவர் கட்டளையிடுகிறாரா என்பதுதானே கேள்வி?

நம் வரைவில் ஒரு வரியில் கடந்துபோன 2014-ஐயும் விரித்து எழுத வேண்டும். அந்த ஜனவரியில் ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் பணம் கேட்டது புது வசதிக்கு இல்லை, மின்கட்டணத்துக்கு. சுமார் 20,000 டாலர். பழைய இயந்திரங்களை ஏன் ஓட்டுகிறீர்கள், நிறுத்திவிட்டால் பில் குறையுமே என்று பலர் சொன்னார்கள். ஆனால் அந்த இயந்திரங்கள் சும்மா ஓடவில்லை. ஒவ்வொரு சில்லுக் கட்டமைப்புக்கும் உரிய இயங்குதளத்தை அந்தந்தச் சாதனத்திலேயே தொகுக்கிறார்கள். இன்டெல் சில்லில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும் பிழை, எண்களின் பைட்டுகளை எதிர் வரிசையில் வைக்கும், நினைவக முகவரி ஒழுங்கில் கண்டிப்பான ஸ்பார்க் சில்லில் ஓடவிட்டதும் வெளிப்பட்டுவிடும். பாதுகாப்பு என்ற நோக்கமும் கரண்ட் பில்லும் வேறு வேறில்லை. இதற்குக் கட்டளைக்கொடை எளிதில் வராது. மண்டகப்படிக்கு ஆள் வரிசையில் நிற்கும், மடைப்பள்ளி விறகுக்கு யார் பெயர் எழுதிக்கொள்வார்? அன்று பில்லைக் கட்டியது கட்டற்ற கொடை. இது ஒரு வாசகருக்காவது புரிந்தால் நம் மொழிபெயர்ப்புக்கு அர்த்தம் உண்டு.

கட்டளைக்கொடை என்றாலே கெட்டது என்ற தொனியும் வேண்டாம். 2024-இல் ஜெர்மனி அரசின் இறையாண்மைத் தொழில்நுட்ப நிதி, ஓப்பன்பிஎஸ்டிக்கு உறவான இன்னொரு இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டிக்கு 6,86,400 யூரோ ஒதுக்கியது. உள்கட்டமைப்பைப் புதுப்பிக்க என்று வேலை குறித்துக் கொடுத்த பணம். வேலை தேவையானதுதான். யாரும் தாமாகச் செய்ய முன்வராத வேலைக்கு இப்படித்தான் ஆள் கிடைக்கும்.

'ஸ்பான்சர்' பற்றிச் சுருக்கமாக. 'புரவலர்' என்றால் சங்ககாலத்து அரசர் கண்முன் வருகிறார். 'உபயதாரர்' நம் கோயில் டியூப்லைட்டில் எழுதியிருக்கும் சொல், பெயர் வெளியே தெரியக் கொடுப்பவர் என்ற பொருள் அதிலேயே உண்டு. 2007-இல் கனடாவில் தொடங்கிய ஓப்பன்பிஎஸ்டி அறக்கட்டளை, கொடையாளர்களைத் தங்கம், வெள்ளி, வெண்கலம் போன்ற வரிசைகளில் அடுக்கிப் பெயர் போடுகிறது. 2015-இல் மைக்ரோசாஃப்ட் தங்க வரிசைக்கு வந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய ஓப்பன்பிஎஸ்டி திட்டம் உருவாக்கிய ஓப்பன்எஸ்எஸ்எச் கருவியை விண்டோசுக்குக் கொண்டுவருவதாக அறிவித்த ஆண்டு அது. உபயதாரர் என்பது இதற்குக் கச்சிதம். வடசொல் என்று சிலர் தயங்கலாம். மக்கள் வாயில் இருக்கும் சொல் எனக்கு முக்கியம்.

சொற்பட்டியலுக்கான விளக்க வரிகள், திருத்தத்துக்கு:

கட்டளைக்கொடை: கொடுப்பவர் குறித்த வேலைக்கு மட்டும் செலவழிக்க வேண்டிய பணம். அந்த வேலை நின்றால் பணமும் நிற்கும்.

கட்டற்ற கொடை: எதற்குச் செலவழிப்பது என்பதைப் பெறுபவரே முடிவு செய்யும் பணம்.

'நல்கை' என்பதை கிராண்ட்டுக்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம். நல்கை எந்த வகையிலும் வரலாம் என்பதால் மோதல் இல்லை.

ஞாயிறு வரை மறுப்பு வரவில்லை என்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். 'சாவா மூவா' என்பதை முதல் கரையாத நிதிக்கு எப்படியாவது பயன்படுத்த வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. 'மூவா முதல்' என்று சொன்னால் உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது?

அன்புடன்.