புதுப்பிப்பு: பிஎஃப் பதிவால் நின்றுபோன நேர்காணல்

யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கடைசிச் சுற்றில், மனிதவள அதிகாரி மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "பழைய இடத்தில் இன்னும் வேலையில் இருப்பதாகக் காட்டுகிறதே?" என்றார். பணிவிடுவிப்புக் கடிதத்தை நீட்டினேன். அதைத் தொடக்கூட இல்லை. என் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் வேலையை விட்ட தேதிக்கான கட்டம் காலியாக இருந்ததுதான் காரணம். இதை எப்படிச் சரிசெய்வது என்று இங்கே கேட்டிருந்தேன்.

பழைய நிறுவனத்துக்கு எழுதச் சொன்னீர்கள். "பார்க்கிறோம் சார்" என்பதோடு சரி. பிஎஃப்பை நிர்வகிக்கும் இபிஎஃப்ஓ அமைப்பின் குறைதீர் தளத்தில் புகார் தரும் யோசனை நல்லதுதான், எனக்குத் தேவைப்படவில்லை. கைகொடுத்தது, தேதியை நாமே பதியலாம் என்ற பதில். யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) கொண்டு நுழையும் உறுப்பினர் தளத்தில், 'மேனேஜ்' பகுதிக்குள் வேலையை விட்ட தேதியைப் பதிய 'மார்க் எக்ஸிட்' இருக்கிறது. பழைய நிறுவனம் நம் பிஎஃப் கணக்கில் கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும். ஆதாருடன் இணைத்த கைபேசிக்கு ஓடிபி வரும். அவ்வளவுதான் வேலை.

ஒன்றை எதிர்பார்க்கவில்லை: கடைசிச் சந்தா எந்த மாதத்துக்கோ, அந்த மாதத்துத் தேதியைத்தான் தளம் ஏற்கிறது. பதிந்தபின் அதே பகுதியில் மாற்றவும் முடியாது. எனவே கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

திருத்திய பதிவை அனுப்பினேன். அந்த அதிகாரியிடமிருந்து பதிலே இல்லை. கூப்பிட்டுக் கேட்டால், இடம் நிரம்பிவிட்டதாம்! கடிதத்தைப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு ஆள் எடுக்க மட்டும் அவசரம். இப்போது வேறோர் நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். அங்கேயும் பிஎஃப் பதிவைத்தான் முதலில் கேட்டார்கள். பார்த்ததும் சரி என்றார்கள்.