புதுப்பிப்பு: அக்காவின் சாதாரண தரப் பரீட்சை

2009 வன்னிப் போர் இடப்பெயர்வோடு பத்தாம் ஆண்டில் படிப்பை விட்ட என் அக்கா இனி இலங்கையின் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதர) சாதாரண தரம், அதாவது பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் பரீட்சை, எழுதலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். எழுதலாம். விண்ணப்பித்துவிட்டோம்.

தனிப்பட்ட பரீட்சார்த்திக்கு, அதாவது பாடசாலை வழியாக இல்லாமல் தானாக விண்ணப்பித்து எழுதுபவருக்கு, உச்ச வயதெல்லை கிடையாது. ஆனால் ஓர் அலுவலகத்தில் பாடசாலை விடுகைப் பத்திரம் கேட்டு இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அது விசுவமடுவுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் ஏதோ ஒரு பதுங்குகுழியில் கிடக்கிறது. எங்கே போய்த் தோண்டுவது? கடைசியில் அடையாள அட்டை இலக்கத்தோடு இணையவழியில் விண்ணப்பித்தோம். அந்தப் பத்திரம் தேவைப்படவேயில்லை. இதே நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து மனம் தளர்ந்து வீடு திரும்ப வேண்டாம்.

அடுத்த கட்டமான உயர்தரத்துக்குப் போக, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றில் மூன்றிலாவது திறமைச் சித்தி (C அல்லது அதற்கு மேல்). இரண்டு தடவைப் பெறுபேறுகளைச் சேர்க்கலாம் என்றதும்தான் அக்காவின் முகம் தெளிந்தது. கணிதம் அவருக்கு அவ்வளவு பயம்.

தனியார் வகுப்பில் பிள்ளைகள் "அன்ரி, இருங்கோ" என்று வாங்கில் இடம் விட்டார்களாம். அன்று வீட்டுக்கு வந்து அழுதார். கட்டாயக் கல்வி வயதை 16 ஆக்கிய நாடு, அந்த வயதைப் போரில் தொலைத்தவர்களுக்கு வன்னியில் ஊருக்கு ஒரு மாலை வகுப்பாவது நடத்த வேண்டும்.

பரந்தன், தருமபுரம் பக்கம் பழைய கணித வினாத்தாள் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.